அறுபதில் ஆடும் சக்கரம்

“அண்ணே, அறுபதுல போறப்போ ஹேண்டில் ஆடுது. எண்பதைத் தாண்டினா நின்னுடுது.”

பைக் மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் புகார் இது. கேட்டதும் பலருக்குக் கை தானாக, ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டுக்குப் போகும். அதை மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் டயர், அதற்கும் நிற்கவில்லையென்றால் வீல் பேரிங், அப்புறம் ரிம். ஒவ்வொன்றாகச் செலவு ஏறும். கடைசியில் ஆட்டம் நின்றாலும், எதை மாற்றியதால் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

விடையில் பாதி அந்தப் புகாரிலேயே இருந்தது. ‘ஆடுது’ என்பது நோயைச் சொல்கிறது. ‘அறுபதுல’ என்பது துப்பைத் தருகிறது.

பல காலமாக பைக் ஓட்டிவரும் ஒருவரிடம் மூன்று வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னை திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய புல்லட் 350 ஒன்று. 1985இல் இந்தியச் சாலைக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று. 1994இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஒன்று. எடை வேறு, எஞ்சின் வேறு, சக்கர அளவு வேறு. ஆனாலும் முன்சக்கரம் கெட்டுப்போனால் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆடத் தொடங்கும். ஏன் என்று பார்த்துவிட்டால், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நேராகப் போகவைப்பது எது?

மருத்துவமனை ஸ்ட்ரெச்சரின் சிறு சக்கரங்களைக் கவனித்திருப்பீர்கள். எந்தத் திசையில் தள்ளினாலும் அவை தாமாகத் திரும்பி, அச்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, அது திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதே காரணம். பைக்கிலும் இதே ஏற்பாடுதான். ஃபோர்க் திரும்பும் சாய்ந்த அச்சை அப்படியே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். பெரும்பாலான பைக்குகளில் இது 8 முதல் 12 செ.மீ. வரை இருக்கும்.

சக்கரம் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பிவிட்டால், டயரின் தொடுபரப்பில் ஒரு பக்கவிசை பிறக்கிறது. ட்ரெயில் நெம்புகோலாக நின்று அந்த விசையைத் திருப்புவிசையாக மாற்றி, சக்கரத்தை மறுபடி நேராக்குகிறது. ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான் இருசக்கர வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, கைரோ விளைவை அழித்த ஒரு மிதிவண்டியைச் செய்தார். அதையும் ஓட்ட முடிந்தது. ட்ரெயிலைக் கெடுத்துச் செய்த இன்னொரு வண்டிதான் அவரைத் திணறவைத்தது. இந்த ஆய்வு 1970இல் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் வெளியானது. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைரோ விளைவும் இல்லாத, ட்ரெயிலும் சற்றே எதிர்மறையான ஒரு சிறு வண்டியைச் செய்து உருட்டிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் ஓடியது. எடை எங்கெங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு என்பதை அது காட்டியது. எனவே ட்ரெயில் ஒன்றே எல்லாமும் அல்ல. ஆனால் சாலையில் ஓடும் சாதாரண பைக்கில், முன்சக்கரத்தைத் திரும்பத் திரும்ப நடுவுக்கு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான்.

சிக்கலும் அந்த இழுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இழுப்பு இருந்தால் ஊசலும் இருக்கும்

எந்தப் பொருளையும் நடுவுக்கு இழுக்கும் விசை ஒன்றும், அதற்கு எடையும் இருந்தால், அது ஊசலாடக்கூடிய பொருளாகிவிடுகிறது. முன்சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் பார், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஸ்டியரிங் அச்சைச் சுற்றித் திரும்பும் ஒரே கட்டு. நடுவுக்கு வரும்போது அந்தக் கட்டு வேகத்தோடு வருவதால் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து மறுபடி இழுப்பு. இந்த ஊசலின் இயல்பு அதிர்வெண் டயரின் பக்கவிறைப்பு, ட்ரெயில், கட்டின் எடைப்பரவல் ஆகியவற்றைப் பொறுத்தது. சாலை பைக்குகளில் அது பொதுவாக நொடிக்கு 4 முதல் 10 தடவை வரை, அதாவது 4 முதல் 10 ஹெர்ட்ஸ்.

பொதுவாக எந்த ஊசலும் உராய்வால் அடங்கிவிடும். பைக்கில் அதற்கு எதிரான ஒன்றும் நடக்கிறது. சக்கரம் திரும்பிய அந்தக் கணமே பக்கவிசை பிறப்பதில்லை. ரப்பர் முறுகி, வளைந்து, கொஞ்சதூரம் உருண்ட பிறகுதான் முழு விசையும் வருகிறது. இந்தத் தாமதத்தால், ஆட்டத்தை எதிர்க்க வேண்டிய விசையில் ஒரு பங்கு ஆட்டத்தின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. பிரிட்டிஷ் பொறியியலாளர் ராபின் ஷார்ப் 1971இல் வெளியிட்ட ஆய்வில் டயரின் இந்தத் தாமதத்தையும் சமன்பாடுகளில் சேர்த்தார். முன்சக்கர ஆட்டத்தின் தணிப்பு எவ்வளவு குறைந்துபோகிறது என்பது அப்போது தெரியவந்தது.

அதே ஆய்வு இரண்டு வகை ஆட்டங்களைத் தெளிவாகப் பிரித்தும் காட்டியது. ஒன்று, ஹேண்டில் மட்டும் வேகமாகப் படபடப்பது. மெக்கானிக்குகள் வாப்ளிங் என்பது இதைத்தான். மற்றொன்று, வண்டி முழுவதும் பாம்புபோல் நெளிவது. இது மெதுவானது, பெரும்பாலும் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிக வேகத்தில்தான் தலைகாட்டும். முதலாவதை முன்பக்கத்தில் தேட வேண்டும். இரண்டாவதைப் பின்பக்கத்தில், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷிலும் பின்டயரிலும் கட்டியிருக்கும் சுமையிலும் தேட வேண்டும். எந்த ஆட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் கோன் செட்டை மாற்றுவது மருத்துவம் ஆகாது.

ஆக, ஆடும் இயல்பு எல்லா பைக்கிலும் பிறவியிலேயே இருக்கிறது. புது வண்டி ஆடாமல் இருப்பதற்கு இரண்டே காரணம். அதைத் தள்ளிவிட யாருமில்லை. தள்ளினாலும் தணித்துவிடப் போதிய ஏற்பாடு இருக்கிறது. எனவே ஆடும் வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இரண்டு: யார் தள்ளுகிறார்? யார் தணிக்கத் தவறினார்?

வேகத்தைச் சுழற்சியாக மாற்றிப் பாருங்கள்

முதலில் தள்ளுபவரைப் பிடிப்போம். புல்லட்டின் முன்டயர் 3.25-19. ரிம்மின் விட்டம் 19 அங்குலம்; அதன்மேல் இரண்டு பக்கமும் டயரின் உயரம் 3.25 அங்குலம். மொத்தம் 25.5 அங்குலம், சுமார் 65 செ.மீ. சுற்றளவு ஏறக்குறைய 2.03 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். வகுத்தால், சக்கரம் நொடிக்கு 8.2 தடவை சுற்றுகிறது. ஆர்எக்ஸ் 100இன் முன்டயர் 2.50-18, அதே வேகத்தில் 9.1 சுற்று. ஸ்ப்ளெண்டரின் 2.75-18க்கு 8.9 சுற்று.

மூன்று எண்களும் ஸ்டியரிங்கின் இயல்பு அதிர்வெண் இருக்கும் எல்லைக்குள் வந்து விழுகின்றன. சக்கரத்தில் ஒரு குறை இருந்தால் அது சுற்றுக்கு ஒருமுறை ஸ்டியரிங்கைத் தட்டும். அறுபதை ஒட்டிய வேகத்தில் அந்தத் தட்டல், ஹேண்டில் தானாக ஆட விரும்பும் தாளத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு குழந்தையின் கையே போதும். எண்பதில் தட்டல் புல்லட்டில் நொடிக்கு 11ஐ நெருங்கி, தாளம் தப்பிவிடுகிறது. அதனால்தான் ‘எண்பதைத் தாண்டினா நின்னுடுது’. குறை அப்படியேதான் இருக்கிறது. ஹேண்டில் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவே.

இந்தக் கணக்கு எஞ்சினையும் விலக்கித் தருகிறது. 3000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சின் நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது. அது உள்ளங்கையில் கூச்சமாகவும் மரத்துப்போவதாகவும் தெரியுமே தவிர, ஹேண்டில் இடவலமாக ஆடுவதாகக் கண்ணுக்குத் தெரியாது. ஐயமிருந்தால், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை ஐடிலுக்கு இறக்குங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் அது சக்கரத்தைச் சார்ந்தது. உடனே மாறினால் எஞ்சினைச் சார்ந்தது.

வேகம் இன்னும் சில செய்திகளையும் சொல்லும். ஒரு வேகத்தில் வந்து, கடந்தால் போய்விடும் ஆட்டம் ஒத்ததிர்வு. சக்கரத்தையும் டயரையும் பாருங்கள். வேகம் கூடக்கூட வளரும் நெளிவு என்றால் பின்பக்கம். பிரேக் பிடித்ததும் ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்டால் கோன் செட் லூஸ். பிரேக்கில் தொடர்ந்து துடித்து, வண்டி மெதுவாக ஆக அந்தத் துடிப்பும் மெதுவானால், டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. பத்து, பதினைந்தில் ஊர்ந்து போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைபாய்ந்தால், கோன் செட் அளவுக்கு மீறி டைட்டாக இருக்கக்கூடும்.

தள்ளுபவர்கள்

காற்றழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். காசு செலவில்லாத சோதனை அதுதான். காற்று குறைந்தால் டயரின் பக்கவிறைப்பு மாறும், தாமதமும் மாறும். அடுத்து டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் படிப்படியாகவும் தட்டுப்பட்டால் தேய்மானம் சீராக இல்லை. டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். பஞ்சர் ஒட்டிய கையோடு ஆட்டம் தொடங்கியிருந்தால், டயர் ரிம்மில் சரியாக உட்காராததுதான் முதல் சந்தேகம்.

பிறகு ரிம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்துங்கள். ஃபோர்க்கில் ஒரு கம்பியையோ பென்சிலையோ கட்டி, அதன் முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சுழற்றுங்கள். இடைவெளி பக்கவாட்டில் மாறினால் பெண்டு. மேலும் கீழுமாக மாறினால் ரிம் வட்டமாக இல்லை. பல சர்வீஸ் கையேடுகள் 2 மி.மீ. வரைதான் இதை அனுமதிக்கின்றன. ஹேண்டிலை ஆட்டிவிடுவது பக்கவாட்டுப் பெண்டு. வட்டக்குறை வண்டியின் முன்பக்கத்தைக் குதிக்கவைக்கும். பெண்டு எடுப்பவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் அவர் வேலை எளிதாகும்.

எடைச் சமமின்மையும் ஒரு தள்ளுபவர். புல்லட் ரிம்மில் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருப்பதாகக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 2 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை இழுக்கும். விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் 120இல் அது நான்கு மடங்கு. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம் அடியில் வந்து நின்றால், எடை அங்கேதான் இருக்கிறது.

கம்பிச் சக்கரத்தில் இன்னும் ஒரு சோதனை உண்டு. வண்டியின் எடையை அடியிலுள்ள ஸ்போக்ஸ் கம்பிகள் தூண்போல் தாங்குவதாகத் தோன்றும். மெல்லிய கம்பி அமுக்கத்தைத் தாங்காது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அடியில் வரும் கம்பியின் இழுவிசை கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவுதான் வண்டியைத் தாங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் இப்படித் தளர்ந்து இறுகுகிறது. புல்லட் 1000 கி.மீ. ஓடினால் முன்சக்கரம் ஏறக்குறைய 5 லட்சம் தடவை சுற்றும். முதலிலேயே லூஸாக இருக்கும் கம்பி அடியில் வரும்போதெல்லாம் முற்றிலும் தளர்ந்து, மேலே போகும்போது வெடுக்கென்று இறுகுகிறது. உலோகச் சோர்வு அதைத்தான் முதலில் உடைக்கும். கண்டுபிடிக்க, சிறிய ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று பாடும். தளர்ந்தது ‘டப்’ என்று செத்த ஒலி எழுப்பும். இழுவிசை குறைந்தால் சுருதி இறங்கும் என்ற வீணைத் தந்தியின் விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது.

தணிக்கத் தவறியவர்கள்

ஹேண்டிலின் திருப்பு அச்சு மேலும் கீழுமாக இரண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. பழைய வண்டிகளில் அவை கிண்ணத்தில் குண்டுகள் உட்கார்ந்த கோன் செட். மற்ற பேரிங்குகள் முழுச்சுற்றுச் சுற்றும். இதற்கு அந்தப் பேறு இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போனாலும் நடுவில் ஒருசில டிகிரிதான் அசைகிறது. எனவே ஒவ்வொரு பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் அதே குண்டுகளை, அதே இடத்தில் கிண்ணத்தின்மேல் அடிக்கின்றன. நாளடைவில் குண்டு உட்காரும் அளவுக்குப் பள்ளங்கள் விழுகின்றன. பொறியாளர்கள் இதைப் பிரினெல்லிங் என்பார்கள். எஃகுக் குண்டை அழுத்தி உலோகத்தின் கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியாளர் யோஹான் பிரினெல் பெயரில் வந்த சொல்.

சோதனை எளிது. முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோங்கள். நேர்நிலையில் ‘டக்’கென்று ஒரு குழியில் விழுந்து நின்றால் பள்ளம் விழுந்துவிட்டது. இதற்கு டைட் வைப்பது தீர்வாகாது. நடுவில் சரியாக இறுக்கினால் பக்கங்களில் அளவுக்கு மீறி இறுகும்; கிண்ணங்களையும் குண்டுகளையும் மாற்றுவது ஒன்றே வழி. அடுத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கோன் செட்டில் பிளே இருந்தால் கையில் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் வீல் பேரிங்கின் பிளே தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, யாராவது ஒருவர் ஃபோர்க்கை அசையாமல் பிடித்துக்கொள்வது நல்லது.

கோன் செட்டை இறுக்குவதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. லூஸாக விட்டால் வாப்ளிங்குக்குக் கதவு திறந்துவிடும். அதிகம் இறுக்கினால் ட்ரெயிலின் சிறிய இழுப்பால் உராய்வை வெல்ல முடியாது. சக்கரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வேலை நின்றுபோய், மெதுவான வேகத்தில் வண்டி குடிபோதையில் இருப்பதுபோல் அலையும். பிளே இல்லாமலும், விரலால் தட்டினால் ஹேண்டில் தன் எடையிலேயே ஓரத்துக்குப் போகும்படியும் இருக்க வேண்டும்.

ஃபோர்க்கும் தன் பங்கைச் செய்கிறது. ஹைட்ராலிக் தணிப்போடு டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1935இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 12. அன்றிலிருந்து இன்றுவரை அதன் வேலை ஆயிலின் கையில்தான் இருக்கிறது. ஆயில் சீல் கசிந்து ஆயில் வற்றினால், டயர் தரையைச் சீராகத் தொடாது. லேசாக விழுந்த வண்டியில் ஃபோர்க் குழாய்கள் வளையாமல், கிளாம்பில் சற்றே முறுகி நிற்பதும் உண்டு. தட்டையான ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு குழாய்களின் முகப்பிலும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கண்ணாடி படியாமல் ஆடுவது முறுக்கைக் காட்டிக்கொடுக்கும். கிளாம்புகளைத் தளர்த்தி நேராக்கினால் போதும். புதுக் குழாய் வாங்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தணிப்பான் ஓட்டுபவரின் இரண்டு கைகள். எழுபதிலிருந்து வேகம் குறையும்போது, கைக்குட்டை எடுக்க ஒரு கையை விட்ட கணத்தில் ஆட்டம் வெளிப்படுவது இதனால்தான். பின்னால் கட்டிய கேஸ் சிலிண்டரோ இரண்டு மூட்டைகளோ முன்சக்கரத்தின்மேல் விழும் எடையைக் குறைத்து அதே காரியத்தைச் செய்கின்றன. ஓடும்போது ஆட்டம் பிடித்துக்கொண்டால் முன்பிரேக்கை அழுத்த வேண்டாம். ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். இரு கைகளாலும் பிடித்து, உடலை முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுவதே பாதுகாப்பான வழி.

கணக்கை முடிக்கும் முன்

இப்போது தொடக்கத்திலிருந்த குழப்பம் விளங்கும். ஒருவர் டயரை மாற்றினார், ஆட்டம் நின்றது. இன்னொருவர் கோன் செட்டை மாற்றினார், அவருக்கும் நின்றது. இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் தள்ளுபவரை வெளியேற்றினார். மற்றவர் தணிப்பவரைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். ஆனால் டயரை மட்டும் மாற்றியவரின் கோன் செட் இன்னும் லூஸாகவே இருந்தால், அந்த டயர் தேயத் தொடங்கியதும் அதே அறுபதில் அதே ஆட்டம் திரும்பி வரும். அப்போது அவர் டயரைக் குறைசொல்வார்.

சிலர் ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் பொருத்துவார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஹேண்டிலின் நடுவே உராய்வைக் கூட்டும் திருகு ஒன்று இருந்தது. இதுவும் அதன் வழிவந்ததே. வாப்ளிங்கை அது அடக்கிவிடும். ஆனால் ஷார்ப்பின் அதே சமன்பாடுகள் வேறொன்றையும் காட்டின. ஹேண்டிலில் தணிப்பைக் கூட்டினால் படபடப்பு குறையும். அதிவேக நெளிவின் தணிப்போ குறைந்துவிடும். பெண்டான ரிம்மும் பள்ளம் விழுந்த கோன் செட்டும் உள்ள வண்டியில் டேம்பரைப் போடுபவர், அறுபதில் தெரிந்துகொண்டிருந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, நூறில் வரக்கூடிய ஆட்டத்துக்கு இடம் கொடுக்கிறார். முதலில் தள்ளுபவரை நீக்க வேண்டும். அடுத்து, தேய்ந்த தணிப்பவரை மாற்ற வேண்டும். இரண்டும் முடிந்தபின் டேம்பருக்குச் செய்ய வேலையே இருக்காது.